உலராத மீன்

மாலை நாலு மணி.
தகா மீன் இன்னும் வளைகிறது.
மணலில் பரப்பி ஏழு மணி நேரம் ஆயிற்று.
முந்தாநாள் இந்நேரம்
தொட்டாலே சட்டென்று முறிந்த விரலளவு மீன்,
இன்று
வாலும் தலையும் தொட்டுக்கொள்ளும்வரை மடங்கி
விட்டதும் மெல்ல நிமிர்கிறது.

நியாமிசி உள்ளங்கையை முகர்கிறாள்.
உப்புச் சாக்கின் அடி கசிந்திருக்கிறது.
கழுத்து வியர்வை
கழுத்திலேயே நிற்கிறது, போக இடமில்லாமல்.

உகெரெவே தீவு. நாலு பக்கமும் ஏரி.
படகுத்துறைக்கு மேலே வெள்ளைப் பெட்டிக்குள்
மஜுராவின் இரண்டு வெப்பமானிகள்.
ஒன்றின் குமிழில் ஈரத்துணி.
துணி உலர்ந்தால் அது குளிரும்.
இன்று உலரவில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு டிகிரி.
அவன் அதை நோட்டில் எழுதி
நகரத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு
தேநீர் குடிக்கப் போனான்.

ஈரக் காற்று கனம் என்றுதான்
எல்லோரும் நினைக்கிறோம்.
நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறதே.
இல்லை.
நீராவி காற்றைவிட லேசு.
எந்தக் காற்றில் ஏரி கலந்திருக்கிறதோ
அந்தக் காற்றுதான் முதலில் எழும்.

நிலவில்லாத வாரம்.
விளக்குக்கு மீன் வரும் வாரம்.
பதினான்கு படகுகள் தயார்.
அவள் படகின் ஆட்கள் நால்வர்;
புவீரே மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.
நியாமிசி பெட்ரோல் கேனைத் தூக்கிப்போய்
தன் குடிசை வாசலில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கடனுக்கு வாங்கிய பெட்ரோல் அது," என்றான் புவீரே.
"தெரியும். கடன் என் பேரில்."

பதின்மூன்று விளக்குகள் போயின.

பகலில் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வரும்.
இருட்டியதும் கரை சீக்கிரம் குளிர்ந்துவிடும்.
ஏரி விடாது,
வாங்கிய சூட்டை மடியிலேயே வைத்திருக்கும்.
கென்ய மேட்டிலிருந்து ஒரு காற்று இறங்கும்,
உகாண்டா பக்கமிருந்து ஒன்று,
தெற்கே பாறைக் குன்றுகளிலிருந்து ஒன்று.
நடு ஏரியில் முட்டிக்கொண்டால்
போக ஒரே வழி
மேலே.

மேலே குளிர். ஆவி துளியாகும்.
ஆகும்போது
பகலெல்லாம் வெயிலிடம் வாங்கிய சூட்டை
அணு பிசகாமல் திருப்பித் தரும்.
வாங்கியது வெயிலிடம், தருவது மேகத்திடம்.
மேகம் அதைத் தின்று இன்னும் ஏறும்,
இன்னும் ஏரியை இழுக்கும்,
வானத்தின் கூரையில் தலை இடித்து
சப்பாத்தியைப்போலத் தட்டையாகப் பரவும்வரை.
உள்ளே ஐஸ் பொடியும் பனிக் குருணையும் உரசி உரசி
பொடி ஒரு மின்னோடு மேலே போகும்,
குருணை மற்றொன்றோடு கீழே இறங்கும்.
பிரிந்தவை பிரிந்தே இருக்காது.

பத்தரை மணிக்கு மேற்கே வெளுத்தது.
நியாமிசி எண்ணத் தொடங்கினாள்.
ஒன்று, இரண்டு...
அறுபதுவரை எண்ணியும் சத்தம் இல்லை.
மறுபடி வெளுத்தது. மறுபடி அறுபது.
விடியும்வரை இப்படித்தான்:
யாருடைய தண்ணீரிலோ வெளிச்சம்,
இங்கே தவளைகள்.

காலையில் பதின்மூன்று படகுகளும் வந்தன,
விளிம்புவரை வெள்ளி.
புவீரே அவற்றைப் பார்த்தான்.
பிறகு அவளைப் பார்த்தான்.
ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்
அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் வானொலியில்
மேற்கே ஏதோ ஒரு தீவின் பெயர்,
ஆறு பேர் என்ற எண்ணிக்கை,
அடுத்து சர்க்கரை விலை.
மஜுரா சத்தத்தைக் குறைத்தான்.

மணல் முழுவதும் அடுத்தவர்களின் மீன்.
வெயில் ஏறுகிறது.
ஒவ்வொரு மீனிலிருந்தும் கொஞ்சம் ஏரி
கண்ணுக்குத் தெரியாமல் எழுந்து போகிறது.
நியாமிசி குனிந்து
யாருடையதோ ஒன்றை எடுத்து மடக்குகிறாள்.

வளைகிறது.
கேன் எங்கே என்று
புவீரேவும் தேடவில்லை.